கேத்தல் கொதிக்கும் நேரத்துக் கிளைமாக்ஸ்

"நாலு பேருக்குப் படம் ஓட்ட ஏலாது மிஸ்" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

ஹட்டன் தியேட்டர் வாசல். சனிக்கிழமை பின்னேரம். நான் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் நனைந்த குடையோடு நிற்கிறேன். மலையிலிருந்து இறங்கிய மூட்டம் தியேட்டர் படி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் என் வீட்டுக்காரர், கடைவாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். கராம்பு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எங்களைத் தவிர அங்கே இருந்தது ஒரு இளம் ஜோடி மட்டும்தான். அவர்கள் படம் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி என்கிற வயதில் இருந்தார்கள்.

"எத்தன பேர் வந்தா ஓட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"பத்துப் பதினஞ்சு பேராவது வேணும் மிஸ். கரண்ட் பில்லையாவது பாக்கணுமே. நாளைக்கி வாங்களேன், ஞாயித்துக்கிழம கொஞ்சம் ஆள் வரும்."

நாளைக்கு வருவதாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீடே ஒரு தியேட்டர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. எனக்கு எந்த உணர்ச்சியும் முதலில் கோபமாகத்தான் வரும். பிறகுதான் அது அழுகையா, பசியா, களைப்பா என்று பிரித்துப் பார்ப்பேன். தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளோடு நாள் முழுக்க இனிமையாகப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. இந்த வயது வரைக்கும் நான் ஒரு படத்தின் முடிவைக்கூட என் கண்ணால் பார்த்ததில்லை. ஆரம்பம் பார்த்திருக்கிறேன், நடு பார்த்திருக்கிறேன், பாட்டெல்லாம் மனப்பாடம். முடிவு மட்டும் கிடையாது. ஒரே ஒரு படத்தையாவது கடைசி வரைக்கும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டுத் தியேட்டர்

எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. வீட்டுக்காரர் மகாலிங்கம் அங்கே தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறார். நாங்கள் இருப்பது லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது.

சில வருசங்களுக்கு முன்னால் வீட்டுக்காரர் ஒரு பெரிய டீவி வாங்கினார். சுவரில் மாட்டியதும் பழைய சாமிப் படங்கள் மூன்றும் இடம் மாற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் லயமே எங்கள் வீட்டில்தான்.

எல்லார் வீட்டிலும் டீவி இருக்கிறது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டு அந்தோனியம்மா அக்காவிடம் கேட்டேவிட்டேன். அவர் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், பகல் முழுக்க மகனுடைய போனில் படம் பார்ப்பவர்.

"அக்கா, இந்தப் படத்த நீங்க போன்லயே பாத்துட்டீங்கதானே?"

"பாத்தேன் டீச்சரம்மா. ஆனா போன்ல பாத்தா ஹீரோ கட்டவெரல் அளவுக்குத்தான் இருக்கான். அவன் அடி வாங்குனா எனக்குப் பாவமாவே இல்ல."

அக்காவுக்குப் பாவம் வர வேண்டும் என்பதற்காக என் வீட்டில் கதவு திறந்தே கிடக்கும். படம் தொடங்கியதும் கையில் செபமாலையை எடுத்துக்கொள்வார். சண்டைக் காட்சியில் ஹீரோவுக்காக மனமுருகிச் செபிப்பார். ஹீரோ பிழைப்பான் என்று போனில் பார்த்தே தெரிந்திருந்தும் செபிப்பார். "பயப்படாதீங்க, இவன் சாக மாட்டான், தங்கச்சிதான் சாவா" என்று எல்லாருக்கும் ஆறுதலும் சொல்வார்.

அடுத்தவர் பெருமாள் கங்காணி. மலையில் ஆள் மேய்க்கிற பழக்கம் அவரை விட்டு எங்கேயும் போகாது. உள்ளே வந்ததும், "உயரமான ஆளுங்க பின்னுக்குப் போங்க, பொம்பளையாளுக இந்தப் பக்கம், அங்கிட்டு யாரு, பேச்சு வேணாம்" என்று நிரை பிரித்து உட்கார வைப்பார். என் வீட்டில் எனக்கே அவர்தான் இடம் காட்டுவார். குசினிக் கதவுக்குப் பக்கத்தில்.

அந்த இடத்தை ஏன் காட்டினார் என்பதில்தான் என் கஷ்டமே இருக்கிறது.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் படியிறங்கக் கூடாது. இறங்கினால் அந்த வீட்டுப் பொம்பிளைக்கு அதைவிடக் கேவலம் இல்லை. படம் முடிந்த அடுத்த நிமிசமே எல்லாரும் எழுந்துவிடுவார்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டிய சனங்கள், அதற்கு முன்னால் சமையல், பிள்ளை, துணி என்று ஆயிரம் வேலை. ஆகவே படம் முடிவதற்கு முன்னாலேயே எல்லார் கையிலும் தேத்தண்ணி இருக்க வேண்டும். அப்படியானால் கேத்தலை எப்போது அடுப்பில் வைப்பது? கடைசிச் சண்டை தொடங்கும்போது.

அதாவது கிளைமாக்ஸ் தொடங்கியதும் நான் எழும்பிப் போய்விடுவேன். திரையில் 'வணக்கம்' போடும்போது தட்டோடு வருவேன்.

குசினியில் கேட்ட முடிவுகள்

நிறுத்தி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒருதரம் நிறுத்தியும் பார்த்தோம். வில்லன் கத்தியை ஓங்கியபடி திரையில் அசையாமல் நிற்க, லயமே என்னைக் குசினிக்குள் எட்டி எட்டிப் பார்த்தது. "தண்ணி கொதிச்சிருச்சா டீச்சர்?" என்று கங்காணி கேட்டுக்கொண்டே இருந்தார். கேஸ் முடிந்து அன்றைக்கு மிலாறு அடுப்பு வேறு. மழையில் நனைந்த தேயிலைக் குச்சி பற்றுமா? ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். அதற்குப் பிறகு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் அந்திக்குத் தனியாக உட்கார்ந்து பார்த்தால் என்ன? அதையும் செய்தேன். சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, முடிவை மட்டும் ஓடவிட்டேன். தங்கை ஓடி வருகிறாள், வில்லன் ஒளிந்திருக்கிறான், எனக்கு நெஞ்சு அடிக்கிறது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தோனியம்மா அக்காவின் குரல் வந்தது.

"மனசத் தேத்திக்கிங்க டீச்சரம்மா. இப்போ குத்திருவான்."

நிறுத்திவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன்.

ஆகவே எனக்கு வாய்த்தது சத்தம் மட்டும்தான். குசினியில் நின்றபடி காதால் கேட்டு, முடிவை நானே கட்டிக்கொள்வேன். டமார் என்றால் கார் உருண்டுவிட்டது. வயலின் என்றால் சேர்ந்துவிட்டார்கள். ஒருமுறை துப்பாக்கிச் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் ஒரு தாயின் ஓலம். ஐயோ, அந்த நல்ல பையன் போய்விட்டானே என்று கேத்தலுக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டோடு வந்தால், எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

செத்தது வில்லனாம். அழுதது வில்லனுடைய அம்மாவாம்.

"டீச்சர் வில்லனுக்காக அழுதிருக்காங்க" என்று ஒரு மாதம் மலையில் சொல்லிச் சிரித்தார்கள். நான் கட்டி வைத்த முடிவைக் கேட்டுவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றவர் அக்கா ஒருவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு படம் முடிந்ததும், "ஒங்க குசினி முடிவு என்னா டீச்சரம்மா?" என்று கேட்பதை அவர் ஒரு வாடிக்கையாகவே ஆக்கிக்கொண்டார்.

சுரங்கத்திலிருந்து ஒரு கூவல்

அப்படியானால் டீவி வருவதற்கு முன்னால், தியேட்டருக்குப் போன காலத்தில் முடிவைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் கோச்சி, அதாவது ரயில், வந்து கெடுத்தது.

சிறு வயதில் தீபாவளிக்கு அப்பா எங்களை ஹட்டனுக்குப் படத்துக்குக் கூட்டிப்போவார். திரும்பி வருவதற்கு அந்திக் கோச்சி ஒன்றுதான். அது கொட்டகலைப் பக்கமிருந்து வரும். சிங்கமலைச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு கூவு கூவும். அந்தக் கூவல் தியேட்டருக்குள்ளேயே கேட்கும். சொல்லிவைத்த மாதிரி, அது எப்போதும் ஹீரோவைக் கட்டிப்போட்டிருக்கும் நேரமாகத்தான் இருக்கும்.

கூவியதும் தியேட்டரில் பாதிச் சனம் எழும்பும். றொசல்ல, வட்டவளைப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவோம். கொட்டகலைக்காரர்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கடைசி பஸ் பிந்தித்தான். ஓடுகிற எங்களை அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வரும்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் கொட்டகலை என்றார்கள். என் மனம் அந்த நிமிசமே சம்மதித்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று, ஏதாவது பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களைப் பூச்செடிப் பக்கம் விட்டார்கள். அவர் வேலையைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ நான் ஒன்றும் கேட்கவில்லை. போன தீபாவளிக்கு நான் பாதியில் விட்டுவந்த படத்தின் பெயரைச் சொல்லி, அதைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார்.

"கடைசியில என்னா ஆச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க, தூங்கிட்டேன்."

அப்படித்தான் எங்கள் முதல் பேச்சு முடிந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கழுத்தை நீட்டினேன். விளையாட்டே இல்லை. ஸ்டியரிங் கையில் இல்லாத நேரமெல்லாம் இந்த மனிதருக்குத் தூங்குகிற நேரம்.

பல்வலி என்று ஒரு பொய்

இப்போது கராம்புக்கு வருகிறேன்.

புதுப் படம் ஒன்று ஹட்டனுக்கு வந்தது. அக்காவின் போனில் இன்னும் வரவில்லை. அதாவது அந்தப் படத்தின் முடிவு எங்கள் லயத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. இதை விட்டால் எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் வராது.

"நம்ம ரெண்டு பேரும் மட்டும் போவோம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கேட்டா என்னா சொல்ல?"

"ஒங்களுக்குப் பல்லு வலின்னு சொல்லுங்க."

மனிதர் சொன்னதைச் சொன்னபடி செய்வார். அதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாது. காலையிலிருந்தே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு லயத்தில் நடந்தார். அந்தோனியம்மா அக்கா பதறிப்போய் ஒரு கை கராம்பு கொண்டுவந்து, ஒன்றை அவர் வாயில் வைத்து, மீதியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். பெருமாள் கங்காணி, "பயப்படாதீங்க தம்பி, புடுங்கும்போது கண்ண மூடிக்கிங்க" என்று தைரியம் சொன்னார். "பல்லு காட்டப் போறதுக்கு ஏன் டீச்சரம்மா பட்டுச் சேல?" என்று அக்கா கேட்டதற்கு நான் இருமிக்கொண்டே நடந்துவிட்டேன்.

மறுபடியும் தியேட்டர் வாசல்

இவ்வளவும் செய்துவிட்டு வந்தவளிடம்தான் அந்த ஆள் சொல்கிறார், பத்துப் பதினைந்து பேர் வேண்டுமாம்.

டிக்கெட் சன்னல் மூடப் போகிற நேரம். யாரை விட்டு ஓடி வந்தேனோ அவர்களைத் தவிர, கூப்பிட்டால் வரக்கூடிய கூட்டம் எனக்கு இந்த உலகத்தில் வேறு இல்லை. அது அந்த வாசலில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. போனை எடுத்தேன்.

"அக்கா, நான்தான்."

"பல்லப் புடுங்கியாச்சா டீச்சரம்மா? ரெத்தம் வருதா?"

"பல்லு கெடக்கட்டும் அக்கா. நீங்க எல்லாரும் உடனே வேனப் புடிச்சிக்கிட்டு ஹட்டன் தியேட்டருக்கு வாங்க."

"பல்லு டொக்டர் தியேட்டர்லயா இருக்காரு?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். படம், பொய், ஆள் காணாதது, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே லயத்துக்குக் கேட்கும்படி கத்தினார்: "அடியே, எல்லாரும் சேல மாத்துங்க. டீச்சர் புதுப் படத்துக்கு எடம் புடிச்சி வச்சிருக்காங்க."

டிக்கெட்காரர் கொஞ்ச நேரம் பார்க்கிறேன் என்றார். மழை கொட்டியது. கடைசியில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அதில் ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் சனம். இறங்க இறங்கப் பெருமாள் கங்காணி வாசலில் நின்று பெரட்டில் எண்ணுவது போலத் தலையை எண்ணி, டிக்கெட்காரரிடம், "ஆள் சரி, ஓட்டலாம்" என்று உத்தரவு கொடுத்தார். அக்கா நேராக என் வீட்டுக்காரரிடம் போய் வாயைத் திறக்கச் சொன்னார். அவர் திறந்தார். கராம்பு இன்னும் அங்கேதான் இருந்தது.

"துப்புங்க" என்றார் அக்கா. அதோடு அந்த விசயம் முடிந்தது.

அரைப் பேர்

படம் ஓடத் தொடங்கியது. ஒரு அக்காவும் தம்பியும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். சின்ன வயதில் அந்த அக்கா கிடைக்கிற சோற்றையெல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு பிரிந்துவிடுகிறார்கள். அவள் போலீஸ் ஆகிறாள். அவன் மேல் ஒரு கொலைப் பழி விழுகிறது. அவனைத் துரத்துகிற வேலை அவளுக்கு வருகிறது.

அந்தோனியம்மா அக்காவுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக முடிவு தெரியாது. செபமாலை உருண்ட வேகத்தைப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் பாட்டிலேயே தூங்கிவிட்டார்.

கடைசிக் கட்டம். பாலத்தின் மேல் தம்பி ஓடுகிறான், அக்கா துப்பாக்கியோடு துரத்துகிறாள். அந்த நேரம் பார்த்து, வெளியே, சிங்கமலைச் சுரங்கத்தை விட்டு வந்த அந்திக் கோச்சி கூவியது.

எங்கள் நிரை முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது.

வெளியே வேன் நிற்கிறது. கோச்சி எங்களுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் கூவலைக் கேட்டதும் கால் கேட்டால்தானே? "எந்திரிங்க, எந்திரிங்க, கோச்சி வந்திருச்சு" என்கிறார் கங்காணி. ஒருவர் செருப்பைத் தேடுகிறார். இன்னொருவர் குடையை விரித்தேவிட்டார். திரையில் பாதி தெரியவில்லை.

எனக்குள் இருந்த முன்பள்ளி டீச்சர் வெளியே வந்தாள்.

"எல்லாரும் உக்காருங்க. கையக் கட்டுங்க. வாயில வெரல்."

அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த அந்த இளம் ஜோடியும் கையைக் கட்டிக்கொண்டது.

திரையில் அக்கா துப்பாக்கியை நீட்டினாள். கடைசிச் சண்டைக்கான மேளம் தொடங்கியது. அடுத்த கணம் நான் எழுந்து நிற்கிறேன். சத்தியமாக எனக்கே தெரியாது. அந்த மேளத்தைக் கேட்டால் கேத்தல் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் உடம்புக்குத் தெரியும். ஒரு கால் நடைபாதையில் இருந்தது.

அந்தோனியம்மா அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மடியிலிருந்த பையைத் திறந்து, ஒரு பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி என் கையில் வைத்தார். அந்த அவசரத்திலும் வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"இத்தன வருசம் எங்களுக்கு நீங்க ஊத்துனீங்க. இன்னைக்கி நீங்க உக்காந்து பாருங்க" என்றார்.

சூடாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். படத்துக்காக இல்லாமல் எனக்காகவே நான் கோபப்படாமல் நேரடியாக அழுத ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்து, துடைத்து, திரையை விடாமல் பார்த்தேன். தம்பி நின்றான். திரும்பினான். அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

திரை இருண்டது. 'இரண்டாம் பாகத்தில் சந்திப்போம்' என்று எழுத்து வந்தது. லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், படத்தை நானே கத்தரிக்கோலால் வெட்டியது போல.

"என்னா டீச்சர் இது?" என்றார் பெருமாள் கங்காணி. "முழு நாள் வேலைன்னு கூட்டியாந்துட்டு அரைப் பேர் போட்டுட்டானுங்களே."

மத்தியானத்தோடு மலையை விட்டு இறங்குகிறவருக்குத் தோட்டத்தில் அரைப் பேர்தான் விழும். அவர் வாயில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

வீட்டுக்காரர் வெளிச்சத்தில் கண் விழித்து, "முடிஞ்சிருச்சா? நல்ல படம்" என்றார்.

நான் பத்திரிகையில் எழுதுகிற இந்தப் பக்கத்தின் அடியில் வாரா வாரம் 'தொடரும்' என்று போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

வேனுக்குள்

திரும்பும் வழியில் வேனுக்குள் ஈரச் சேலையும் தலைக்கு வைத்த எண்ணெயுமாக ஒரு வாசம். கண்ணாடி எல்லாம் புகைபடிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் முன்சீட்டில் மறுபடியும் தூங்கிவிட்டார். மற்ற எல்லாரும் கடுகடுவென்று இருந்தார்கள்.

"அந்தப் பையன் என்னதான் சொல்ல வந்தான்?" என்றாள் ஒருத்தி.

"'நான் கொல பண்ணல'ன்னு சொல்லியிருப்பான்."

"அது அவளுக்குத் தெரியாதா? வேற ஏதோ."

அந்தோனியம்மா அக்கா என் முழங்கையை இடித்தார். "டீச்சரம்மா, நீங்கதான் குசினியில நின்னே முடிவு சொல்ற ஆளாச்சே. இதுக்கு முடிவு என்னா?"

வாயில் இன்னும் இஞ்சி உறைத்துக்கொண்டிருந்தது.

"அவன் கொலையப் பத்திப் பேசவே இல்ல" என்றேன். "அக்கா துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கிறா. ராத்திரி பகலா அவனத் தொரத்தி வந்தவ, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. அவன் அவள ஒரு பார்வ பாக்குறான். பாத்துட்டு, 'நீ சாப்பிட்டியாக்கா?'ன்னு கேக்குறான். அவள அதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல. துப்பாக்கி கையில நிக்குமா? கீழ போட்டுட்டா. ரெண்டு பேரும் அந்தப் பாலத்துலயே உக்காந்துட்டாங்க."

பெருமாள் கங்காணி துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"இப்பதான் முழுப் பேர் விழுந்துச்சு" என்றார்.

இரண்டாம் பாகம்

அது வந்துவிட்டது. எங்கள் வீட்டு டீவியில்தான் பார்த்தோம். கங்காணி இந்த முறை எனக்கு நடுவில் இடம் காட்டினார். மேளம் தொடங்கியதும் நான் எழப் பார்த்தேன். அதற்கு முன்னாலேயே அந்தோனியம்மா அக்கா குசினிக்குள் போய்விட்டார். இப்படியாக, என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு படத்தின் முடிவைக் கடைசி எழுத்து வரை பார்த்தேன்.

அந்தத் தம்பி வாயை மூடவே இல்லை. நாட்டைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, ஏழை பணக்காரன் பற்றி நின்ற இடத்தில் நின்று பேசினான். அக்கா அத்தனையையும் துப்பாக்கியை நீட்டியபடியே கேட்டாள். பிறகு ஒரு ஹெலிகொப்டர் வந்து இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போனது. அந்த ஹெலிகொப்டர் யாருடையது என்று இன்று வரைக்கும் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இதற்காகவா நான் இத்தனை வருசம் ஏங்கினேன்? கோபம் வந்தது. இந்த முறை அது கோபமேதான்.

அந்தோனியம்மா அக்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. மறுநாள் பெரட்டு இருக்கிற சனம், அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இது சரிப்பட்டு வராது டீச்சர்" என்றார் கங்காணி. "நம்ம வேன்ல சொன்னீங்களே, அத இன்னொருக்கா சொல்லுங்க."

டீவியை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னேன். பாலத்திலிருந்து தொடங்கி, இந்த முறை கொஞ்சம் நீட்டியே சொன்னேன். பாலத்துக்குக் கீழே ஒரு ஆற்றை ஓடவிட்டேன், கொஞ்சம் மழையும் சேர்த்தேன். சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நடுவில் விழித்தார். ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் தட்டில் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளே கேத்தல் மூடி விழுகிற சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த அடுப்பைப் பற்றவைத்து நான் கண்டதில்லை.

அவர் தட்டோடு வெளியே வந்தபோது நான் சொல்லி முடித்திருந்தேன். அந்தோனியம்மா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கங்காணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிலாற்றுப் புகையில் சிவந்த கண்ணோடு வாசலில் நின்ற வீட்டுக்காரர், ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"கடைசியில என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

நான் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க, தூங்கிட்டேன்" என்றேன்.